மனைக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய 4 டிஜிட்டல் வரைபடங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில தாம்பரத்துல இருந்து இலவச வேன். போற வழியில கூல்டிரிங்ஸ், சைட்ல பிரியாணி. கையில ஒரு பளபளப்பான பிரோஷர். அதுல ஒரு மேப்: நடுவுல நம்ம லேஅவுட், சுத்தி ரிங் ரோடு, பஸ் ஸ்டாண்ட், காலேஜ், ஐ.டி. பார்க், வரப்போற ஏர்போர்ட். எல்லாமே ஒரு விரல் தூரத்துல இருக்கும். சாயங்காலம் வேன் திரும்புறதுக்குள்ள பாதிப் பேர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருப்பாங்க.

அந்த மேப்புல பெரும்பாலும் அளவுகோல் இருக்காது. ஏரி இருக்காது, வாய்க்கால் இருக்காது, சர்வே எண் இருக்காது. விற்கிறதுக்கு உதவுற விஷயம் மட்டும்தான் அதுல இருக்கும்.

ஆனா ஒரு ஊரைத் திட்டமிடுற அதிகாரிங்க பார்க்குற வரைபடங்கள்ல பல இப்ப உங்க போன்லயும் லேப்டாப்லயும் இலவசமா கிடைக்குது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தா போதும். அதைப் பார்க்காம 15 வருஷ இ.எம்.ஐ.ல கையெழுத்துப் போடாதீங்க. இந்தக் கட்டுரை சென்னைப் புறநகரை வச்சு எழுதினது. கோயம்புத்தூர், திருச்சி, மதுரைன்னு வளர்ற எந்த ஊருக்கும் இதே முறைதான்.

முதல்ல கணக்கு: இதுல உங்க பணம் எவ்வளவு?

கைக்கு மாசம் ₹65,000 சம்பளம் வருதுன்னு வச்சுக்குவோம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. சதுர அடி ₹2,500.

- மனை விலை: ₹30 லட்சம்
- முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9%: ₹2.7 லட்சம்
- வங்கிக் கடன்: ₹20 லட்சம், 9% வட்டி, 15 வருஷம்
- மாத இ.எம்.ஐ: சுமார் ₹20,285
- 15 வருஷத்துல வங்கிக்குக் கட்டுறது: சுமார் ₹36.5 லட்சம்
- உங்க கையில இருந்து போடுறது: ₹12.7 லட்சம்

ஆக மொத்தம் ₹49 லட்சத்துக்கு மேல. சம்பளத்துல 31% இ.எம்.ஐ.க்கே போயிடும். இப்ப இருக்கிற வீட்டுக்கு வாடகை தனி.

வெறும் மனைக்கு வாங்குற கடனுக்கு, வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் வருமான வரியில எந்தச் சலுகையும் கிடையாது. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு, கட்டி முடிச்சு சொந்தமா குடியிருந்தாலும் அந்த வட்டிக்குக் கழிவு கிடையாது. "டேக்ஸ் மிச்சமாகும் சார்"னு யாராவது சொன்னா, எந்த வரி முறையில, எந்த வருஷத்துலன்னு திருப்பிக் கேளுங்க.

இன்னொரு விஷயம். மியூச்சுவல் ஃபண்டு தப்பாப் போனா ஒரு வாரத்துல வித்துட்டு வெளியே வந்துடலாம். மழைக்கு இடுப்பளவு தண்ணி நிக்கிற மனையை வாங்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதனால மனை விஷயத்துல ஆராய்ச்சியெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடிதான். அப்புறம் செய்யுற ஆராய்ச்சிக்குப் பேர் வருத்தம்.

ஊரைத் திட்டமிடுறவங்க என்ன பார்க்குறாங்க?

முன்னாடியெல்லாம் டிரேசிங் பேப்பர்ல சாலை ஒண்ணு, ஆறு ஏரி ஒண்ணு, நில எல்லை ஒண்ணுன்னு தனித்தனியா வரைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல பார்ப்பாங்க. இப்ப அதையே கம்ப்யூட்டர்ல செய்யுறாங்க. இதுக்குப் பேர்தான் புவியியல் தகவல் அமைப்பு, சுருக்கமா ஜி.ஐ.எஸ். செயற்கைக்கோள் படம் அடியில, அதுக்கு மேல சர்வே எல்லைகள், அதுக்கு மேல சாலைகள், நீர்நிலைகள், நிலப் பயன்பாடு. ஒரு புள்ளியைத் தொட்டா, அந்த இடத்துல எந்தெந்த அடுக்கு ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு தெரியும்.

சென்னைக்கு இது ஏன் அவசரம்னு ரெண்டு எண் சொல்லும். சி.எம்.டி.ஏ.வோட எல்லை பல வருஷமா 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபர்ல அதை 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சாங்க. கிட்டத்தட்ட 5 மடங்கு. ஆனா கடைசியா மக்கள்தொகை கணக்கெடுத்தது 2011-ல. 2021-ல நடக்க வேண்டியது தள்ளிப் போச்சு. நடுவுல எத்தனை லேஅவுட் வந்தது, எத்தனை வயல் மனையாச்சுன்னு பழைய கணக்கை வச்சுச் சொல்ல முடியாது. மேல இருந்து எடுத்த படம்தான் சொல்லும்.

நாடு முழுக்கவே இந்த வேலை நடக்குது. 2015-ல வந்த அம்ருத் திட்டத்துல 500 நகரங்களுக்கு ஜி.ஐ.எஸ். அடிப்படையில முழுமைத் திட்டம் தயாரிக்க ஏற்பாடு பண்ணாங்க. 2025 பிப்ரவரியில மத்திய அரசு 'நக்‌ஷா'ங்கிற திட்டத்தை 152 நகர உள்ளாட்சிகள்ல தொடங்கினாங்க. விமானம் மூலமா படம் எடுத்து, நேர்ல அளந்து சரிபார்த்து, நகர நிலங்களுக்குப் புது ஆவணம் உருவாக்குறது அதோட நோக்கம்.

இதெல்லாம் அரசாங்க வேலைதானே, நமக்கென்னன்னு கேக்கலாம். வேன் ஏறிப் போற 1,200 சதுர அடியும் இந்த அடுக்குகளுக்குள்ளதான் கிடக்குது. அதனால அதே வரிசையில நாமளும் பார்ப்போம்.

வரைபடம் 1: எல்லை. நீங்க வாங்குறது எந்த இடம்?

முதல் வேலை, புரோக்கர்கிட்ட சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேளுங்க. கூடவே சைட்ல நின்னு போன்ல லொக்கேஷன் பின் ஒண்ணு சேமிச்சு வச்சுக்குங்க. கொடுக்கத் தயங்குனா அங்கேயே பாதி பதில் கிடைச்சிடுச்சு.

தமிழ்நாடு அரசோட 'தமிழ்நிலம் ஜியோ இன்ஃபோ' வரைபடத்துல அந்தப் புள்ளிக்குப் போய்த் தொட்டா, அது எந்த கிராமம், எந்த சர்வே எண்ணுன்னு காட்டும். புரோக்கர் சொன்ன எண்ணும் அதுவும் ஒண்ணான்னு பாருங்க. பக்கத்து சர்வே எண்ணைச் சொல்லி வித்த கதைகள் நிறைய உண்டு.

அப்புறம் வருவாய்த்துறை இ-சேவை தளத்துல மூணு விஷயம் எடுங்க.

- பட்டா: யார் பேர்ல இருக்கு, எவ்வளவு பரப்பு.
- அ-பதிவேடு: நிலத்தோட வகைப்பாடு. பட்டா நிலமா, புறம்போக்கா, நஞ்சையா, புஞ்சையா.
- புலப்பட நகல், அதாவது எஃப்.எம்.பி: அந்த சர்வே எண்ணோட அளவு போட்ட வரைபடம்.

எஃப்.எம்.பி.தான் இதுல தங்கம். சுத்தி இருக்கிற சர்வே எண்களும் அதுல இருக்கும். அந்தப் பக்கத்து எண்களையும் ஒவ்வொண்ணா அ-பதிவேட்டுல போட்டுப் பாருங்க. உங்க மனை சுத்தமான பட்டாவா இருக்கும். ஆனா அதை ஒட்டி இருக்கிற நீளமான குறுகலான எண் 'வாய்க்கால் புறம்போக்கு'ன்னு வரும். இன்னைக்கு நேர்ல போய்ப் பார்த்தா அங்க லேஅவுட்டோட 20 அடி ரோடுதான் தெரியும். மழைத் தண்ணிக்கு ரோடு, வாய்க்கால் வித்தியாசம் கிடையாது. அது பழைய வழியிலேயே வரும்.

'நஞ்சை'ன்னு வந்தா கூடுதல் கவனம். நஞ்சைங்கிறது பாசன நிலம். ஏரிப் பாசனம்னா, ஏரி மடையைத் திறந்தா தண்ணி தானா ஓடி வந்து சேர்ற இடம். அப்படின்னா அந்த இடம் ஏரியை விடத் தாழ்வு. மோட்டார் இல்லாத காலத்துல நம்ம முன்னோர் பார்த்து வச்ச உயர வரைபடம் அது. நஞ்சைன்னாலே வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லல. அடுத்த வரைபடங்களை இன்னும் உன்னிப்பா பார்க்கணும்னு சொல்றேன்.

வரைபடம் 2: நிலப் பயன்பாடு. அந்த இடத்துல வீடு கட்டலாமா?

சென்னைப் பெருநகரத்துக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது. அதுல ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிச்சிருக்காங்க: குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி, இப்படி. செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதி மாதிரி சில இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு. சி.எம்.டி.ஏ. இணையதளத்துல கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தா பயன்பாடு என்னன்னு பார்க்கலாம்.

"இப்ப விவசாயம்னுதான் இருக்கு, ரெண்டு மாசத்துல மாத்திடுவோம்"னு சொன்னா, "நல்லது, மாத்தின பிறகு வரேன்"னு சொல்லிட்டு வாங்க. நில வகை மாற்றம்ங்கிறது விண்ணப்பம். வாக்குறுதி கிடையாது.

இங்க ஒரு சிக்கலைக் கவனிங்க. அந்த இரண்டாவது திட்டத்தோட வரைபடம் பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்குத்தான். 2022-ல சேர்ந்த பகுதிகள்ல மனை பார்க்குறீங்கன்னா "சி.எம்.டி.ஏ. லிமிட் சார்"ங்கிற வார்த்தையை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. அந்த லேஅவுட்டுக்கு யார், எந்த எண்ல அனுமதி கொடுத்தாங்கன்னு பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற லேஅவுட் விற்பனைக்கு வருதுன்னா ரெரா பதிவு எண்ணும் இருக்கணும்.

அனுமதி பெற்ற லேஅவுட் வரைபடத்தையே கேட்டு வாங்குங்க. பிரோஷர்ல இருக்கிற கலர் படம் வேண்டாம். முத்திரையும் எண்ணும் இருக்கிற வரைபடம் வேணும். அதை வச்சு ரெண்டு விஷயம் சரிபாருங்க. ஒண்ணு, உங்க மனை எண் அதுல இருக்கா, அளவு ஒத்துப்போகுதா. ரெண்டு, பூங்காவுக்கு ஒதுக்கின இடம் எது. 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற லேஅவுட்ல சாலை போக மீதி இடத்துல 10% பொது ஒதுக்கீடா கொடுக்கணும். "கடைசியா ஒரே ஒரு கார்னர் மனை மிச்சம் இருக்கு"ன்னு காட்டுறது அந்தப் பூங்கா இடமா இருந்தா?

அனுமதியில்லா மனையை வாங்கி "அப்புறம் வரைமுறைப்படுத்திக்கலாம்"ங்கிற யோசனையும் வேண்டாம். 2017 வரைமுறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைகளுக்காக வந்தது. இன்னைக்குப் புதுசா பிரிச்சு விக்கிற மனைக்காக வந்தது இல்ல.

வரைபடம் 3: தண்ணி. மழை வந்தா எந்த வழியா போகும்?

சென்னையில மனை வாங்குறவங்க அதிகமா தவற விடுற அடுக்கு இதுதான். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி பக்கம் என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையிலயும் பல இடங்கள்ல அதே காட்சி. அந்த வீடுகள்ல பெரும்பாலானவை பத்திரம், பட்டா, வங்கிக் கடன் எல்லாம் சரியா இருந்த வீடுகள்தான். சட்டப்படி சரியான மனையும் தண்ணிப்படி சரியான மனையும் வேற வேற.

சென்னை தட்டையான ஊர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் ஏரிகள் தனித்தனியா இல்ல, சங்கிலியா இருக்கு. மேல் ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா வழிஞ்சு கீழ் ஏரிக்குப் போகும், கடைசியா ஆத்துக்கோ சதுப்பு நிலத்துக்கோ போகும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அப்படித் தென்சென்னைத் தண்ணியை வாங்கி வச்சுக்கிற இடம். 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு காலத்துல அது இதை விடப் பல மடங்கு பெரிசு. மிச்சம் எங்க போச்சுன்னு பழைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தா தெரியும்.

நீங்க பார்க்க வேண்டியவை:

- கூகுள் எர்த் புரோ: கம்ப்யூட்டர்ல இலவசமா போட்டுக்கலாம். மேல இருக்கிற கடிகாரப் படத்தை அழுத்தினா பழைய வருஷப் படங்கள் வரும். கோடைக்காலப் படத்தை மட்டும் பார்க்காதீங்க. நவம்பர், டிசம்பர், ஜனவரி படம் கிடைச்சா அதைப் பாருங்க. கருப்பாத் திட்டு, பச்சைப் பசேல்னு கோரை மண்டின இடம், ரெண்டும் தண்ணி நின்னதுக்கு அடையாளம்.
- குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்புளோரர்: ஐரோப்பிய ஆணையத்தோட ஆய்வு மையம் வெளியிட்ட வரைபடம். 1984-ல இருந்து எடுத்த லேண்ட்சாட் படங்களை வச்சு, ஒரு இடத்துல எத்தனை தடவை தண்ணி தெரிஞ்சதுன்னு வண்ணத்துல காட்டும்.
- புவன்: இஸ்ரோ 2009-ல தொடங்கின நம்ம நாட்டு வரைபடத் தளம். நிலப் பயன்பாட்டு அடுக்குகளை இதுல பார்க்கலாம்.
- சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய நிலவரைபடம்: 1:50,000 அளவுல ஏரி, ஓடை, கால்வாய் எல்லாம் பேரோட இருக்கும்.

இதுல ஒரு ஏரியைக் கண்டுபிடிச்சா, உடனே அதோட கலங்கல் எந்தப் பக்கம்னு தேடுங்க. ஏரிக்கரை ஓரம் 'லேக் வியூ'ன்னு விக்கிற மனையை விட, 800 மீட்டர் தள்ளி கலங்கல் போற பாதையில இருக்கிற மனைக்குத்தான் ஆபத்து அதிகம். அங்க ஏரியே கண்ணுக்குத் தெரியாது. அதனால யாரும் கேக்க மாட்டாங்க.

ஊர்ப் பேரையும் விட்டுடாதீங்க. ஏரி, தாங்கல், ஏந்தல்னு முடியுற பேரெல்லாம் நீர்நிலையைக் குறிக்கிற பேர். லேஅவுட்டுக்கு வச்ச இங்கிலீஷ் பேரை விட கிராமத்தோட பழைய பேர்தான் நேர்மையானது.

வரைபடம் 4: சாலையும் காலமும். ஊர் நிஜமாவே அந்தப் பக்கம் வளருதா?

"5 வருஷத்துல டபுள்"ங்கிறதுக்கு ஆதாரம் என்ன? கூகுள் எர்த்ல அதே இடத்தை 2010, 2015, 2020, இப்பன்னு நாலு படமா பாருங்க. வீடுகள் கூடியிருக்கா, இல்ல 10 வருஷத்துக்கு முன்னாடி போட்ட லேஅவுட் ரோட்டுல புல்லு முளைச்சுக் கிடக்கா? மனை வித்துப்போச்சுங்கிறது வேற, வீடு வந்துச்சுங்கிறது வேற. கல்லு நட்ட மனைகளுக்கு நடுவுல கூரை எத்தனைன்னு எண்ணுங்க. 200 மனையில 9 வீடுன்னா, அங்க வாங்கினவங்க எல்லாரும் உங்களை மாதிரியே விலை ஏறக் காத்திருக்கிறவங்க. நீங்க விக்கும்போது அவங்களும் விப்பாங்க.

அடுத்து, திட்டச் சாலைகள். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர், பயன்பாட்டுல இருக்கு. எண்ணூர் துறைமுகத்துல இருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரைக்கும் சுமார் 133 கிலோமீட்டர்ல சென்னை எல்லைச் சாலைத் திட்டம் நடக்குது. பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சது. இந்தப் பேரெல்லாம் பிரோஷர்ல வரும். நீங்க கேக்க வேண்டியது ரெண்டு. சாலைக்கும் மனைக்கும் நடுவுல இணைப்பு இருக்கா? வெளிவட்டச் சாலை பக்கத்துலயே ஓடும், ஆனா அதுல ஏற 6 கிலோமீட்டர் சுத்தணும்னா அது பக்கம் இல்ல. இன்னொண்ணு, அந்தச் சாலைக்கோ மற்ற திட்டத்துக்கோ நிலம் எடுக்குற அறிவிப்புல உங்க சர்வே எண் இருக்கா? சாலை பக்கத்துல வந்தா லாபம். மனை மேலயே வந்தா?

கடைசியா பயண நேரம். கூகுள் மேப்ஸ்ல ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்காதீங்க. 'புறப்படும் நேரம்' திங்கள்கிழமை காலை 8:30-ன்னு வச்சு உங்க ஆபீஸுக்குப் போட்டுப் பாருங்க. இப்ப இருக்கிற வாடகை வீட்டை விட ஒரு வழிக்கு 45 நிமிஷம் கூடுதல்னா, மாசம் 22 வேலை நாளுக்கு 33 மணி நேரம். கிட்டத்தட்ட 4 வேலை நாள். இது இ.எம்.ஐ. கணக்குல வராத இ.எம்.ஐ.

வரைபடத்தை எங்க நம்பக் கூடாது?

மேப்புல பார்த்தாச்சு, எல்லாம் சரின்னு கிளம்பிடாதீங்க. ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

உயரம்: கூகுள் எர்த்ல கர்சரை வச்சா கடல் மட்டத்துல இருந்து இத்தனை மீட்டர்னு காட்டும். இந்த மாதிரி இலவச உயரத் தகவல்கள்ல சில மீட்டர் வரைக்கும் பிழை வரலாம். சென்னை மாதிரி தட்டையான ஊர்ல ஒரு மீட்டர் வித்தியாசம்தான் வீட்டுக்குள்ள தண்ணி வருமா வராதான்னு முடிவு பண்ணுது. "11 மீட்டர் காட்டுது, பக்கத்து ஏரியா 9 மீட்டர்தான்"னு சந்தோஷப்படாதீங்க. இந்த வேலைக்குத்தான் திட்டமிடுறவங்க லேசர் அளவீடும் டிரோனும் பயன்படுத்துறாங்க.

நுணுக்கம்: லேண்ட்சாட் படத்துல ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், சுமார் 9,690 சதுர அடி. உங்க அரை கிரவுண்டு மனை மாதிரி 8 மனை ஒரே புள்ளிக்குள்ள அடங்கிடும். 10 அடி வாய்க்கால் அதுல தெரியவே தெரியாது. தண்ணி வரைபடம் 'சுத்தம்'னு காட்டினாலும் எஃப்.எம்.பி.யைப் பார்க்கணும்னு சொல்றது இதனாலதான்.

மேகம்: பெரிய மழை அன்னைக்கு வானம் மூடியிருக்கும். சாதாரண செயற்கைக்கோள் கேமராவால கீழ பார்க்க முடியாது. மூணு நாள் நின்னு வடிஞ்ச தண்ணி படத்துல பதியாமலே போயிருக்கலாம்.

எல்லைக்கோடு: செயற்கைக்கோள் படத்து மேல சர்வே கோட்டைப் பொருத்தும்போது கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம். அதை வச்சு "நம்ம மனை ஓடையில இருந்து 4 அடி தள்ளித்தான் இருக்கு"ன்னு சொல்ல முடியாது. அந்த 4 அடிக்கு சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தே ஆகணும்.

அதனால கடைசி அடுக்கு உங்க கால்தான். வேன் இல்லாம, பிரியாணி இல்லாம, தனியா ஒரு தடவை போங்க. முடிஞ்சா மழை விட்ட மறுநாள். பக்கத்துல குடியிருக்கிற பழைய வீட்டுக்காரங்க, மளிகைக்கடை அண்ணாச்சி, ஆட்டோ ஸ்டாண்ட். "2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணா?"ன்னு கேளுங்க. கையை முட்டிக்கு நேரா காட்டுறாங்களா, இடுப்புக்கு நேரா காட்டுறாங்களான்னு பாருங்க. வீடுகள்ல ஈ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்துல மாட்டியிருக்கு, வாசப்படி எத்தனைன்னு பார்த்தாலே ஊர் பதில் சொல்லிடும்.

பார்த்தாச்சு. இப்ப என்ன முடிவு?

மூணு கூடை வச்சுக்குங்க.

வேண்டவே வேண்டாம்: புறம்போக்கு கலந்த சர்வே எண், அனுமதி இல்லாத லேஅவுட், வாய்க்கால் மேலயோ கலங்கல் பாதையிலயோ வர்ற மனை, நில எடுப்பு அறிவிப்புல இருக்கிற எண். இதுல விலை பேசுறதுக்கு எதுவும் இல்ல. எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

விலை பேசி வாங்கலாம்: மனை சட்டப்படி சுத்தம், ஆனா கொஞ்சம் தாழ்வு. இங்க கணக்கு போடுங்க. 1,200 சதுர அடியை 3 அடி உயர்த்தணும்னா 3,600 கன அடி மண். 100 கன அடி ஒரு யூனிட், அப்படின்னா 36 யூனிட். மண் அமுங்குறதுக்குக் கால் பங்கு சேர்த்தா 45 யூனிட். உங்க ஏரியாவுல ஒரு யூனிட் கிராவல் என்ன விலைன்னு கேட்டுப் பெருக்குங்க. சுத்துச்சுவர், உயரமான அஸ்திவாரம் எல்லாம் தனி. இந்தத் தொகையை மனை விலையில கழிச்சுப் பேசுங்க. உங்க மனையை மட்டும் உயர்த்தினா வீடு தப்பிக்கும், தெரு தப்பிக்காது. டிசம்பர்ல ஆபீஸுக்கு அந்தத் தெரு வழியாத்தான் போகணும்.

வாங்கலாம்: நாலு வரைபடமும் ஒரே கதையைச் சொல்லுது, நேர்ல பார்த்ததும் ஒத்துப்போகுது. அதுக்கப்புறம் டிஎன்ரெஜிநெட்ல குறைஞ்சது 30 வருஷ வில்லங்கச் சான்று, வக்கீலோட சட்டக் கருத்து, அப்புறம் அட்வான்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது. வக்கீல் பார்க்குறது காகிதம். தண்ணி எங்க போகும்னு பார்க்குறது அவர் வேலை இல்ல. வங்கி கடன் கொடுத்துட்டா மனை நல்ல மனைன்னு அர்த்தமும் இல்ல. வங்கிக்குத் திருப்பிக் கட்டப் போறது உங்க சம்பளம், அந்த மனை இல்ல.

ஏற்கனவே வாங்கிட்டவங்க பதற வேண்டாம். வீடு கட்டுறதுக்கு முன்னாடி இதே நாலு வரைபடத்தையும் உங்க இன்ஜினியர்கிட்ட காட்டுங்க. தரைத்தள உயரத்தைத் தெருவை வச்சு முடிவு பண்ணாம, 2015 தண்ணி மட்டத்தை வச்சு முடிவு பண்ணச் சொல்லுங்க. வீடு கட்டினதும் காப்பீடு எடுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுக்குற 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசியில வெள்ளமும் சேர்ந்திருக்கு. ஆனா அது கட்டடத்துக்கும் வீட்டுப் பொருளுக்கும்தான். நிலத்தோட மதிப்பு குறைஞ்சதுக்கு எந்தக் காப்பீடும் பணம் தராது.

ஒரு சின்ன வேண்டுகோள்

2026-2046 காலத்துக்கான சென்னையோட மூணாவது முழுமைத் திட்டத்துக்கு வேலை நடந்துட்டு வருது. முழுமைத் திட்டம்னா அதுக்கு வரைவு வெளியிட்டு மக்கள்கிட்ட கருத்தும் ஆட்சேபணையும் கேக்குறது சட்டத்துலயே இருக்கு. வரைவு வரும்போது உங்க கிராமத்தோட வரைபடத்தைத் திறந்து, உங்க சர்வே எண் எந்த நிறத்துல இருக்கு, பக்கத்து ஏரியும் வாய்க்காலும் அதுல இருக்கா இல்லையான்னு பாருங்க. இல்லைன்னா எழுதிக் கொடுங்க. கோட்டைத் திருத்த அதுதான் சரியான நேரம். அதுக்கு மேல வீடு வந்துட்டா அப்புறம் மோட்டார் வச்சுத் தண்ணி இறைக்கத்தான் முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். அதுக்கு முன்னாடி சனிக்கிழமை சாயங்காலம் சர்வே எண்ணை வாங்கி வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. சர்வே எண் தராதவங்க வேன்ல ஏறாதீங்க.